வாசலோடு நிற்கும் கண்ணீர்

முதியோர் இல்லம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், தமிழ் வாசகருக்குக் கண் கலங்கிவிடுகிறது. கலங்க மறுக்கும் கண்களையும் கலக்கியே தீருவதென்று நம் கதாசிரியர்கள் கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கதை என்னவோ ஒன்றுதான். வாசலில் ஒரு கார் வந்து நிற்கும். கையில் ஒரு பையோடு தாய் இறங்குவாள். மருமகள் காரை விட்டு இறங்க மாட்டாள். மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாரத்தில் கையெழுத்துப் போடுவான். "வெயில்ல போறே, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போடா" என்று அந்தத் தாய் அப்போதும் சொல்வாள். கார் திரும்பும், புழுதி அடங்கும், கதையும் முடிந்துவிடும். வாசகர் பத்திரிகையை மடியில் கவிழ்த்து ஒரு பெருமூச்சு விடுவார்.

எனக்கு அந்தக் கண்ணீரோடுதான் சண்டை.

கதை முடிந்த இடத்தில் அந்தத் தாயின் வாழ்வு முடிந்துவிடவில்லை. அவள் அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருக்கலாம். பத்து வருஷமும் இருக்கலாம். மறுநாள் காலையில் அவளுக்குக் காப்பி யார் கொடுத்தார்கள்? இரவு இரண்டு மணிக்கு எழுந்தபோது கழிப்பறைக்கு யார் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள்? அந்தக் கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருந்ததா? அவளுடைய மூக்குக்கண்ணாடி உடைந்தபோது யாரிடம் சொன்னாள்? கதாசிரியர் கேட்கவில்லை, வாசகரும் கேட்கவில்லை. இருவருடைய கண்ணீரும் வாசலோடு நின்றுவிட்டது. மகன் பாவி என்று தீர்ப்பு எழுதியானதும் வழக்கு முடிந்தது என்று நீதிபதிகள் எழுந்து போய்விட்டார்கள். வழக்குக்குரிய ஜீவன் மட்டும் உள்ளே ஒரு கட்டிலில் கிடக்கிறது.

எந்த இல்லங்களைப் பற்றிச் சொல்கிறேன் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெரிய தர்ம ஸ்தாபனங்கள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. 1782-ல் பஞ்ச காலத்துக் கஞ்சித்தொட்டியாகத் தொடங்கிய வடசென்னை மணியக்காரர் சத்திரம் பிற்பாடு முதியவர்களுக்கு நிழல் கொடுத்தது. 1839-ல் பிரான்ஸில் பிறந்த ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ என்னும் கன்னியர் சபை 1882-லேயே கல்கத்தாவில் இல்லம் திறந்தது. அவை நாதியற்றவர்களுக்காக ஏற்பட்டவை. இன்னொரு பக்கம், கோயம்புத்தூரைச் சுற்றி இப்போது முளைத்திருக்கும் ஓய்வுக்காலக் குடியிருப்புகள் இருக்கின்றன. பென்ஷனும் வெளிநாட்டில் பிள்ளைகளும் உள்ள தம்பதிகள் அங்கே வீடு வாங்கிக்கொண்டு, காலையில் நடைப்பயிற்சியும் மாலையில் பஜனையுமாகக் காலம் கழிக்கிறார்கள். அவர்களைப் பற்றி நமக்குக் கவலை வேண்டாம். அவர்களுக்குக் கால் இருக்கிறது, வாய் இருக்கிறது, வங்கிக் கணக்கும் இருக்கிறது.

நான் சொல்வது நடுவில் இருக்கும் இல்லங்களை. தாம்பரத்திலிருந்து ஆவடி வரைக்கும், திருச்சியிலும் மதுரையிலும் ஊர் விரிந்துகொண்டு போகும் ஒதுக்குப்புறத் தெருக்களில், குடும்பம் குடியிருப்பதற்கென்று கட்டப்பட்ட வாடகை வீட்டில் நடக்கும் சின்ன ‘ஹோம்’கள். கூடத்தில் நாலு கட்டில், அறைக்கு இரண்டு அல்லது மூன்று கட்டில். ஆக எட்டுப் பேர், பத்துப் பேர், மிஞ்சினால் பதினைந்து பேர். நடமாட்டம் உள்ளவர்களைப் பெரிய இல்லங்களே வைத்துக்கொள்கின்றன. நடமாட்டம் நின்றுபோனால், நினைவு தடுமாறினால், படுக்கையிலேயே எல்லாம் என்று ஆகிவிட்டால், அப்போது வந்து சேரும் இடம் இந்தச் சின்ன ஹோம்தான். இங்கே இருப்பவர்கள் அநாதைகள் அல்ல. மாதம் பிறந்தால் பணம் கட்டப்படுகிறது. ரிடையரான தலைமையாசிரியர், தபால் இலாகாவில் இருந்தவர், நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அம்மாள் ஆகியோர்தான் அந்தக் கட்டில்களில் படுத்திருக்கிறார்கள். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நீங்களும் நானும் படுக்கப்போகிற கட்டில்களும் அவைதாம். இது சாபம் அன்று, கணக்கு. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் கணிப்புப்படி, 2036-ல் ஐந்தில் ஒருவர் அப்படி இருப்பார்.

"அந்தக் காலத்தில் இப்படியா?" என்று உடனே ஒரு குரல் எழும்பும். எந்தக் கூட்டத்தில் பேசினாலும் எழும்பும் குரல் அது. கூட்டுக்குடும்பம் இருந்தது, தாத்தா திண்ணையில் ராஜாவைப் போல இருந்தார், பாட்டி ஊஞ்சலில் இருந்தாள், எல்லோரும் அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள் என்பார்கள். ஐயா, யார் பார்த்துக்கொண்டார்கள்? வினைச்சொல்லை மட்டும் சொல்லி எழுவாயை விழுங்கிவிடுகிறீர்களே! அந்த வீட்டின் பின்கட்டில், பதினான்கு வயதில் தாலியறுத்த ஒரு அத்தை இருந்தாள். அவளுக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, போக்கிடமும் கிடையாது. தாத்தாவின் படுக்கையைச் சுருட்டியவள் அவள். பாட்டியின் மலத்தை அள்ளியவள் அவள். அவள் கிழவியானபோது யார் அள்ளினார்கள் என்று குடும்ப வரலாறு எழுதி வைக்கவில்லை. அத்தை இல்லாத வீட்டில் மருமகள் இருந்தாள். ராஜாவைப் போல இருந்த தாத்தாவின் ராஜ்யம் அந்தப் பெண்களின் முதுகின் மேல் நடந்தது.

அதோடு, அந்தக் காலத்தில் நாட்டின் சராசரி ஆயுள் என்னவென்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சுதந்திரம் வந்த காலத்தில் அது 32 வயதை ஒட்டி இருந்தது. இன்று 70-ஐ எட்டியிருக்கிறது. அன்றைய சராசரியைக் குழந்தைச் சாவுகள் கீழே இழுத்தன என்பது வாஸ்தவம்தான். ஆனாலும் எண்பத்தைந்து வயதுக்குப் பக்கவாதத்தோடும் நினைவிழப்போடும் ஆறேழு வருஷம் படுக்கையில் கிடந்தவர்கள் ஊருக்கு எத்தனை பேர்? இடுப்பெலும்பு முறிந்தால் மூன்று மாதத்தில் கதை முடிந்தது. கூட்டுக்குடும்பம் இந்தப் பரீட்சையில் தேறியது என்று பெருமை பேசுகிறோம். இந்தப் பரீட்சையை அது இந்த அளவில் எழுதியதே இல்லை.

எழுதிய இடங்களில் எல்லாம் தேறியதா? நம் தென்மாவட்டங்களில் ‘தலைக்கூத்தல்’ என்று ஒரு வழக்கம் இருந்ததை மறந்துவிட வேண்டாம். படுக்கையில் விழுந்த கிழவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் தேய்த்து, குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். காய்ச்சல் வரும், இரண்டொரு நாளில் ஆள் போய்விடுவார். 2010-ல் விருதுநகர்ப் பக்கத்துச் செய்திகள் பத்திரிகைகளில் வந்தபோது நகரத்து வாசகர்கள் திடுக்கிட்டார்கள். அது நடந்தது முதியோர் இல்லத்தில் அன்று. சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளைகளின் கையால், உறவினர்களுக்குத் தெரிந்தே நடந்தது. வீடு என்றால் பாசம், இல்லம் என்றால் பாவம் என்று பிரித்து வைத்துப் பேசுகிறவர்கள் இதையும் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தீர்மானித்துக்கொள்ளட்டும். இரவும் பகலும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு, வேலையை விட்டு, இடுப்பொடிந்து நிற்கும் மகள்களும் மகன்களும் மருமகள்களும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் எல்லோருக்கும் அது சாத்தியம் என்று சொல்கிறவரிடம், அவர் வீட்டில் அதை யார் செய்கிறார் என்று மட்டும் கேட்பேன்.

சரி, கண்ணீர் விட்டால் என்ன கெட்டுப்போயிற்று, விட்டுப்போகட்டுமே என்று கேட்கலாம். கெடுதல் இருக்கிறது. அந்தக் கண்ணீர் உள்ளே இருப்பவர்களை அடித்து வீழ்த்துகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

ஹோமில் சேர்ப்பது மகாபாவம் என்று ஊர் முழுவதும் தீர்ப்பு எழுதி வைத்திருப்பதால், சேர்க்கிறவன் அதை மறைக்கிறான். "அம்மா எங்கே?" என்று கேட்டால் "தங்கை வீட்டில் இருக்கிறாள்" என்கிறான். கல்யாண வீட்டில் நாலு பேரிடம் விசாரித்துப் புடவைக்கடையைத் தேர்ந்தெடுக்கிறவன், அம்மாவுக்கு ஹோம் தேடும்போது ஒருவரிடமும் விசாரிக்க மாட்டான். விசாரித்தால் வெளியே தெரிந்துவிடுமே! இருட்டில் தேடுகிறான், இருட்டில் கிடைப்பதை எடுத்துக்கொள்கிறான். சேர்த்த பிறகு, போய்ப் பார்க்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. போனால் குற்றவுணர்ச்சி குத்துகிறது. ஆகவே வாரம் ஒரு முறை மாதம் ஒரு முறையாகிறது. மாதம் ஒரு முறை தீபாவளிக்கு ஒரு முறையாகிறது. போனாலும் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு, அழாமல் திரும்பி வந்துவிடுவதே பெரிய காரியமாக இருக்கிறது. அம்மாவின் குதிகாலைப் பார்க்க வேண்டும், முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றுவதே இல்லை.

தோன்றிப் பார்த்துவிட்டான் என்றே வையுங்கள். முதுகில் புண் இருக்கிறது. யாரிடம் சொல்வான்? நடத்துகிறவரிடம் சொன்னால், "பிடிக்கலேன்னா அழைச்சுட்டுப் போயிடுங்க சார்" என்ற ஒரே வாக்கியத்தில் அவன் வாய் அடைத்துவிடும். அழைத்துப் போக முடியாததால்தானே கொண்டுவந்து விட்டான்! போலீசுக்கோ கலெக்டருக்கோ எழுதினால், விசாரிக்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி "பெத்த தாயை ஏன்யா இங்கே விட்டே?" என்பதாகத்தான் இருக்கும். மோசமான ஹோமுக்கு இதைவிட நல்ல காவல் வேறு வேண்டுமா? மதில் சுவரும் பூட்டும் செய்யாத வேலையை நம்முடைய வெட்கம் செய்துகொடுக்கிறது. நன்றாக நடத்துகிறவர்களோ, பாவத்தில் பங்காளிகள் என்ற பெயரையும் சுமந்துகொண்டு, நல்லதென்று சொல்ல ஒரு வாயும் இல்லாமல், மலிவான போட்டியில் நசுங்கிப் போகிறார்கள்.

இனி உள்ளே நுழைவோம். பாசத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கூட்டல் பெருக்கல்.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நாளைக்கு எட்டு மணி, வாரம் ஆறு நாள் என்று மனுஷத் தன்மையோடு வேலை வாங்கினால், ஒரு ஆள் வாரத்துக்கு 48 மணி நேரம் உழைக்க முடியும். 168-ஐ 48-ஆல் வகுத்துப் பாருங்கள்: மூன்றரை. அதாவது, ஒரு வீட்டில் எந்த நேரமும் ஒரே ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்றாலே மூன்றரை ஆள் வேண்டும். இரண்டு பேர் விழித்திருக்க ஏழு ஆள். சமையலும் துணி துவைப்பதும் இதில் சேரவில்லை. படுக்கையில் விழுந்தவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது நர்ஸுகளின் பாலபாடம்; இல்லாவிட்டால் இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் தோல் சிவந்து, பிறகு புண்ணாகி, எலும்பு வரைக்கும் போய்விடும். நாளைக்குப் பன்னிரண்டு முறை. அப்படி மூன்று பேர் இருந்தால் முப்பத்தாறு முறை. கனத்த உடம்பைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். இதற்கு நடுவில் எட்டுப் பேருக்கும் சோறு ஊட்ட வேண்டும். வேகமாக ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். டயப்பர் மாற்ற வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், "என் பையன் வந்துட்டானா?" என்று நாற்பதாவது தடவை கேட்கிற அம்மாளுக்கு நாற்பதாவது தடவையும் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது, "எங்க ஹோம்ல எட்டுப் பேரைப் பார்த்துக்க ரெண்டு பொண்ணுங்க எப்பவும் இருக்காங்க" என்று உங்களிடம் ஒருவர் பெருமையாகச் சொல்கிறார். ‘எப்பவும்’ என்ற சொல்லை நிறுத்திக் கேளுங்கள். அந்த இரண்டு பெண்களும் தூங்குவதில்லையா? அவர்களுக்கு வீடு இல்லையா? காய்ச்சல் வராதா?

ஒரு நண்பரின் தாயாரைப் பார்ப்பதற்காக அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் ஒரு முதியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பழைய புடவைத் துண்டால் இடுப்பைச் சுற்றி நாற்காலியின் முதுகோடு கட்டியிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆயாவைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். "கட்டலேன்னா எந்திரிச்சு நடப்பாரு சார். போன மாசம் விழுந்து மண்டை உடைஞ்சுது. நான் பாத்ரூம்ல ஒரு பாட்டியக் குளிப்பாட்டிட்டு இருந்தா இவரை யாரு புடிக்கிறது?" என்றாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் எங்கே படுப்பாள் என்று கேட்டேன். இரண்டு கட்டிலுக்கு நடுவில் சுருட்டி வைத்திருந்த பாயைக் காட்டினாள். ஊருக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறதாம். அவளுடைய குழந்தையை அவள் அம்மா பார்த்துக்கொள்கிறாளாம். அந்த அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்தப் புடவைத் துண்டைக் கட்டியது யார்? ஆயாவா? நான் அப்படி நினைக்கவில்லை. மூன்றரை ஆள் வேண்டிய இடத்தில் ஒரு ஆளை நிறுத்திய கணக்கு கட்டியது. ஹோம் நடத்துகிறவரிடம் மாதக் கட்டணத்துக்குக் கறிகாய் வியாபாரம்போல் பேரம் பேசி, ஆயிரம் ரூபாய் குறைத்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்ட குடும்பம் கட்டியது. நாற்காலியில் கட்டுவது கண்ணுக்காவது தெரிகிறது. தெரியாமல் கட்டும் கயிறு ஒன்று உண்டு, அது மாத்திரை. மாலை ஏழு மணிக்கெல்லாம் எட்டுப் பேரும் அசந்து தூங்கும் ஹோமைப் பார்த்து "எவ்வளவு அமைதி!" என்று மெய்சிலிர்க்காதீர்கள். நினைவு தடுமாறிய முதியவர்களுக்கு மனநோய் மருந்துகளைக் கொடுத்து அடக்கினால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கடுமையான எச்சரிக்கை விட்டது. எந்த மாத்திரை, எதற்காக, எந்த டாக்டர் எழுதினார் என்று கேட்பதற்கு மகன் பாவியாக இருந்தாலும் பாதகமில்லை. வாய் இருந்தால் போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள்: நான் சின்ன ஹோமின் கட்சிக்காரன். முந்நூறு பேர் வரிசையில் தட்டேந்தி நிற்கும் கூடத்தைவிட, எட்டுப் பேருக்கு உப்பும் உறைப்பும் பார்த்துச் சமைக்கக்கூடிய ஒரு வீடு ஆயிரம் மடங்கு மேல். அங்கே ஒருவருக்குக் காப்பியில் சர்க்கரை கூடாது என்பதும், ஒருவர் வலது பக்கம் திரும்பித்தான் தூங்குவார் என்பதும் தெரிந்திருக்கும். இது என் ஆசை மட்டும் அன்று. நினைவு தடுமாறியவர்களுக்கென்று ஜப்பானில் உள்ள குழு இல்லங்களில் ஒரு பிரிவுக்கு ஐந்திலிருந்து ஒன்பது பேர்தான். அமெரிக்காவில் 2003-ல் மிசிசிப்பி மாநிலத்து டூப்பிலோ நகரில், பெரிய ஆஸ்பத்திரி மாதிரியான இல்லத்துக்குப் பதிலாகப் பத்துப் பேர் வாழும் வீடுகளைக் கட்டி, ஆளுக்கொரு அறை கொடுத்து, நடுவில் சமையலறையை வைத்தார்கள். அந்த முறை பிற மாநிலங்களுக்கும் பரவியது. ஆனால் ஜப்பான் அதை அன்பினால் மட்டும் நடத்தவில்லை. 2000-ஆம் ஆண்டு முதுமைப் பராமரிப்புக் காப்பீடு என்று ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து, 40 வயதைத் தொட்ட ஒவ்வொருவரிடமும் சந்தா வாங்குகிறது. சிறுமை என்பது அளவில். ஆளிலும் சம்பளத்திலும் சிறுமை வைத்துக்கொண்டால் அது வீடாகாது, கிடங்காகும்.

நம் சட்டமும் நம் சிறுகதையைப் போலவே இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகள் மாதாமாதம் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும், 10,000 ரூபாய்க்கு மேற்படாமல் என்றது. கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்றது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, நிபந்தனை தவறினால் திரும்பப் பெறவும் வழி சொன்னது. நல்ல ஏற்பாடுகள்தாம். இல்லங்களைப் பற்றி என்ன சொன்னது? மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்கும்படி, மாநில அரசு அமைக்கலாம் என்றது. ‘அமைக்கலாம்’! பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் தனியார் ஹோம்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற பேச்சே அதில் இல்லை. மகனைப் பிடித்து விசாரித்த சட்டமும் வாசலோடு நின்றுவிட்டது. 2019-ல் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் வேண்டும் என்றது. அது சட்டமாகாமலே கிடந்து, 2024-ல் அந்த மக்களவை கலைந்தபோது தானும் காலாவதியாயிற்று. மசோதா செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் எங்கேயாவது விழுந்ததா? கதாசிரியர்களுக்கு அதில் கதை கிடைக்கவில்லை. மாநிலங்களின் விதிகளும் ஆணைகளும் ஏட்டில் இருந்தாலும், இரவு நேரத்தில் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கும் அதிகாரியை நான் இதுவரை சந்தித்ததில்லை.

"கட்டுப்பாடு வந்தால் சின்ன ஹோம்கள் மூடிவிடும், பிறகு இவர்கள் எங்கே போவார்கள்?" என்று ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அகலக் கதவும் தீயணைப்புக் கருவியும் லிப்டும் வேண்டுமென்று ஆஸ்பத்திரிச் சட்டத்தை அப்படியே கொண்டுவந்து போட்டால் மூடத்தான் மூடும். நான் கேட்பது அதுவன்று. எத்தனை பேருக்கு எத்தனை ஆள், இரவில் விழித்திருப்பவர் யார், யாரைக் கட்டி வைத்தீர்கள், யாருக்குப் புண் வந்தது, எத்தனை பேர் விழுந்தார்கள் என்று ஐந்து பத்திகள் கொண்ட ஒரு நோட்டு. அதைக் கேட்ட நேரத்தில் காட்ட வேண்டும் என்ற ஒரு விதி. இதற்குக்கூட மூடிவிடும் ஹோம் மூடட்டும். கட்டணம் கூடத்தான் செய்யும். ஒருநாள் கூத்துக்கு மண்டபத்துக்கும் அலங்காரத்துக்கும் லட்சங்களை எண்ணிக் கொடுக்கிற நடுத்தர வர்க்கம், ஆயாவுக்கு நியாயமான சம்பளம் என்றதும் முகத்தைச் சுளிப்பது எனக்கு விளங்காத விஷயம். ‘சேவை’ என்று ஒரு புனிதமான பெயரைச் சூட்டி அவளுடைய கூலியை நாம் வெட்டிக்கொண்டிருக்கிறோம். ஏழைகளின் கதை வேறு. 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எந்த ஹோமின் வாசலுக்கும் போக முடியாது. அங்கே அரசாங்கம்தான் வீட்டுக்காரராக வர வேண்டும்; வந்தால் 150 பேர் கூடமாக வராமல் தெருவுக்கொரு வீடாக வரட்டும்.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. "நீங்கள் இப்படி எழுதினால், பெற்றவர்களைக் கொண்டுபோய்த் தள்ளுகிறவர்களுக்குத் தைரியம் வந்துவிடாதா?" தள்ளுகிறவன் என் கட்டுரைக்காகக் காத்திருக்கவில்லை, அம்மா. அவன் என்றைக்கோ தள்ளிவிட்டான், மறைவாகத் தள்ளினான். வெளிச்சத்தில் கொண்டுவந்து சேர்த்தால், நாலு பேருக்குத் தெரிந்து சேர்த்தால், அந்த நாலு பேரும் போய்ப் பார்ப்பார்கள். ஒன்றுவிட்ட சித்தி போவாள். பழைய அடுத்த வீட்டுக்காரர் போவார். பேத்தி தன் சிநேகிதியை அழைத்துக்கொண்டு போவாள். ஆள் நடமாட்டம் உள்ள ஹோமில் படுக்கை சுத்தமாக இருக்கும். இதைவிடப் பெரிய இன்ஸ்பெக்டரை எந்த அரசாங்கமும் நியமிக்க முடியாது.

ஆகவே, ஹோம் தேட வேண்டிய நிலை வந்தால் ஊரறியத் தேடுங்கள். காலை பத்து மணிக்கு அவர்கள் வரச் சொன்ன நேரத்தில் போகாதீர்கள். இருட்டிய பிறகு சொல்லாமல் போங்கள். கூடத்தில் மாட்டியிருக்கும் சாமி படத்தையும் மாலை போட்ட பிரமுகர் படத்தையும் பார்த்தது போதும், கழிப்பறையைப் பாருங்கள். அங்கே இருப்பவர்களின் நகங்களைப் பாருங்கள். ஆளுக்கொரு பூட்டுப் போட்ட அலமாரி இருக்கிறதா, கேட்டால் போன் கையில் கிடைக்குமா, நள்ளிரவில் மூச்சு வாங்கினால் எந்த ஆஸ்பத்திரி, யார் கொண்டுபோவது என்று எழுத்தில் வாங்குங்கள். ஆயாவுக்கு வார விடுமுறை என்றைக்கு என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில் மற்ற எந்தப் பதிலையும் நம்பாதீர்கள். விடுமுறை இல்லாத கைக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

என்னோடு எழுதுகிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கார் புறப்பட்டுப் போன பிறகு நடப்பதை எழுதுங்கள். அங்கே சண்டை உண்டு, சிநேகம் உண்டு, ஜன்னலோரக் கட்டிலுக்குப் போட்டி உண்டு, சாவு உண்டு, சாவுக்கு மறுநாள் அதே கட்டிலில் விரிக்கப்படும் புதுப் படுக்கையும் உண்டு. கதைக்கா பஞ்சம்!

யாரையாவது பார்ப்பதற்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அப்படி ஒரு வீட்டுக்குப் போவதாக இருந்தால், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் நடத்துகிறவரைக் கூப்பிட்டு, "நேற்று ராத்திரி இங்கே யார் விழித்திருந்தார்கள்?" என்று கேளுங்கள். பெயர் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பெயருக்குரிய பெண்ணிடம் போய், அவள் எப்போது தூங்கினாள் என்றும் கேளுங்கள்.